ஆரஞ்சுக் கூம்பு எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கே: விஎல்சி பிளேயருக்குச் சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பைப் போய் யார் சின்னமாக வைத்தார்கள்? படம் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கும்பகோணம்

ப: ஒரு சம்பந்தமும் இல்லை, அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பாரிஸ் பக்கத்தில் எகோல் சாந்த்ரால் என்று ஒரு பொறியியல் கல்லூரி. 1996இல் அங்கே விடுதி மாணவர்களுக்கு ஒரு குறை. வளாகத்து நெட்வொர்க் ஆமை வேகம், சேர்ந்து உட்கார்ந்து கேம் ஆட முடியவில்லை. கேம் ஆட வேகம் வேண்டும் என்றால் எந்த நிர்வாகம் காசை எடுத்து நீட்டும்? அதனால் வேறு வழி பிடித்தார்கள். சாட்டிலைட் டிவியை ஒரே ஒரு டிஷ்ஷில் வாங்கி நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் அனுப்புகிறோம், ஆளாளுக்கு டிஷ்ஷும் டிகோடரும் வாங்கும் செலவு மிச்சம் என்று ஒரு திட்டம். அதற்குப் பணம் போட ஆள் கிடைத்தது, வேகமான நெட்வொர்க்கும் வந்தது. ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! வீடியோவை அனுப்ப ஒரு மென்பொருள், வாங்கிப் பார்க்க ஒரு மென்பொருள் என்று எழுத ஆரம்பித்தார்கள். வாங்கிப் பார்த்த அந்தப் பாதிதான் இன்றைய விஎல்சி. 2001இல் கல்லூரியின் சம்மதத்தோடு மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, யாரும் பார்த்து மாற்றிப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டார்கள்.

பாதி இறங்கிய படத்தையும், மற்ற பிளேயர்கள் கைவிட்ட உடைந்த ஃபைலையும் விஎல்சி எப்படியோ ஓட்டிவிடுகிறதே, அதற்கும் இந்தப் பிறப்புதான் காரணம். நெட்வொர்க்கில் துண்டு துண்டாக வரும் வீடியோவில் சில துண்டுகள் வழியிலேயே காணாமல் போகும். அதற்காக நின்றுவிடாமல் இருப்பதை வைத்துச் சமாளிக்கத்தான் அது முதலிலேயே பழகியது.

சரி, கூம்பு. அந்த மாணவர் சங்கத்துப் பையன்கள் இரவில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது சாலைக் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து சங்க அறையில் சேர்த்துவைப்பார்களாம். மென்பொருளுக்குச் சின்னம் வேண்டும் என்றபோது கண்ணெதிரே இருந்தது அதுதான். டிசம்பர் கடைசியில் பாருங்கள், கூம்புக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி வந்துவிடும்.

ஒரு உபரித் தகவல். 2022 பிப்ரவரியிலிருந்து பல மாதங்கள் விஎல்சியின் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. ஏன் என்று யாரும் பகிரங்கமாகச் சொல்லவில்லை. இணைய உரிமைக்காகக் குரல் கொடுக்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு விஎல்சிக்காரர்கள் அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களிலும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓட்டும் லினக்ஸ்காரர்கள் தங்கள் வழக்கமான மென்பொருள் கிடங்கிலிருந்து விஎல்சியை நிம்மதியாக இறக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மூலநிரல் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும்போது ஒரு வாசலை மட்டும் சாத்தி என்ன பயன்?

கே: உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் விண்டோஸ் பயன்படுத்துவதே இல்லையா?
– வாசகர், சேலம்

ப: ஒரு பழைய கணினியில் இருக்கிறது. பிரிண்டருக்காக. அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கு டிரைவர் தரவில்லை, நானும் அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்னும் இந்தக் கட்டற்ற மென்பொருள் கதையே ஒரு பிரிண்டர் சண்டையில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். பேப்பர் சிக்கினால் எல்லோர் திரைக்கும் தகவல் போகும்படி மாற்றலாம் என்று நினைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரிடம் நேரில் கேட்டும், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை முழுதாக எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார்.

கே: இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.
– வாசகர், விருதுநகர்

ப: அண்ணாச்சி, இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. காசுக்கே விற்கலாம், தடையில்லை. வாங்கியவர் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம் என்பதுதான் விஷயம். ரெட் ஹேட் என்ற நிறுவனம் லினக்ஸைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுப்பிவிடும் சேவைக்குக் காசு வாங்கியது. 2019இல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கத்தில் உங்கள் கணக்கு நிஜமாகவே உதைக்கிறது. பாங்க் தளத்துக்குப் போனால் ஒரு பூட்டுப் படம் தெரியும் இல்லையா, அந்தப் பூட்டு வேலையை இணையத்தின் பெரும்பகுதிக்குச் செய்துகொடுத்த மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்து ஊரே அலறியபோதுதான், அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் எல்லாம் அதுவரை எங்கே இருந்தன? உங்கள் கடையில் கடன் நோட்டைப் பார்க்காமலே நடப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலறலுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் ஒதுக்கின.

கே: நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? வீட்டு வரைபடத்தை வாசலில் ஒட்டிய மாதிரி இல்லையா?
– கல்லூரி மாணவி, மதுரை

ப: திருடன் பார்ப்பான். நான் அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன், திருடன் வந்து வீடு கட்டவே கூட உதவினான்.

எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள். ஃபைல்களைச் சுருக்குவது மட்டும்தான் அதன் வேலை, ஆனால் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பல வருடமாகச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டவர் லாசே காலின் என்ற ஒற்றை மனிதர். 2021இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வருகிறார், நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்புகிறார். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்து, ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது, உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்களேன் என்று காலினை நச்சரிக்கின்றன. தனக்கு மனநலம் சரியில்லை, இது சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையும் இல்லை என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடைசியில் சாவி ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பில் ஒரு திருட்டுக் கதவு. அது எங்கே இருந்தது தெரியுமா? எல்லோரும் படிக்கும் நிரலில் நேரடியாக இல்லை. சோதனைக்காக வைத்த, பார்த்தால் புரியாத ஃபைல்களுக்குள் ஒளிந்திருந்தது, அதைப் பிரித்தெடுக்கும் வரி வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆக உங்கள் சந்தேகம் ஒரு பக்கம் சரி, வாசலில் ஒட்டிய வரைபடமும் உள்ளே கட்டிய வீடும் ஒன்றாக இல்லை.

கண்டுபிடித்தவர் பாதுகாப்பு நிபுணர்கூட இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ரொயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுபவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை. தன் கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தவர், வெளியிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வழி வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைப் பார்த்திருக்கிறார். அரை விநாடி! நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போய் மார்ச் 29 அன்று ஊருக்கே சொல்லிவிட்டார். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பு போன்ற, பலரும் நம்பி ஓட்டுகிறவற்றுக்குள் அது நுழைவதற்கு முன்பே பிடிபட்டது. மூடிய மென்பொருளாக இருந்தால் அந்த அரை விநாடியைப் பார்த்த பிறகு பிரித்துப் பார்க்க அவருக்கு என்ன இருந்திருக்கும்? ஜியா டான் உண்மையில் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.

கே: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. தூக்கிப் போடுவதா?
– வாசகி, அரியலூர்

ப: வேண்டாம் அம்மா. அந்த லேப்டாப்களில் பலவற்றில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் கூடவே வந்தது, அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இப்போது அந்தப் பழைய பாஸை நம்பாதீர்கள். முதலில் கடைக்காரரிடம் கொடுத்து ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட்டிஸ்குக்குப் பதில் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சுழலும் டிஸ்க்தான். அப்புறம் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில், பழைய கணினிக்கும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா மூன்றும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற மென்பொருள், கூடவே எம்17என் என்ற தொகுப்பு, அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

நிறுவும் முன்பு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். நான் முதன்முதலில் லினக்ஸ் போட்டபோது டிஸ்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் கேள்வியில் தப்பான பதிலைத் தட்டி அப்பாவின் மூன்று வருட வீட்டுக் கணக்கை அழித்தவன். அதற்கப்புறம் அவர் நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டார்.

கே: என் அப்பா 2003 வாக்கில் கணினியில் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு, இப்போது திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: கெடவில்லை, ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அந்தக் குப்பையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு பாமினி. அந்தக் காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில ஜேதான், ஆனால் ஜேயின் படத்துக்குப் பதில் ‘த’ படத்தை வரைந்துவிட்டார்கள். பழைய தட்டச்சுப் பொறியில் ‘யளனகப’ என்று அடித்துப் பழகிய கைகளுக்கு இது சுகமாகவும் இருந்தது. எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ், இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும்.

அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு வரிசை. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாது. டிஸ்கி, டாம், டாப் என்று பொதுவாக்கப் பல முயற்சிகள் நடந்தன. 1999இல் சென்னையில் இதற்கென்றே மாநாடு கூடியது, தமிழ்99 விசைப்பலகை அங்கேதான் வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது வீட்டுக் கணினிகளில் புழங்கத் தொடங்கியது.

உங்களுக்கு இப்போது வேண்டியது: பாமினி எழுத்துருவை நிறுவி வேர்டு மாதிரியான லிப்ரே ஆபீஸில் ஃபைலைத் திறந்து, அது பாமினிதானா என்று உறுதி செய்யுங்கள். பிறகு பொங்குதமிழ் மாதிரியான மாற்றியில் ஒட்டினால் யூனிகோடு ஆகிவிடும். அப்பா நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் எழுதியிருந்தால் கவனம், மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும். பத்தி பத்தியாக, பக்கத்தில் பழைய ஃபைலை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பழையதை அழிக்காதீர்கள். முடிந்ததும் நூலகம் திட்டத்துக்கு ஒரு பிரதி கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவருகிறவர்கள். 1981இல் எரிந்த நூலகத்தின் ஊர்க்காரருக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கே: எனக்குப் புரோகிராமிங் தெரியாது. ஓய்வு பெற்ற தமிழாசிரியன். என்னால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், இன்னொரு பக்கம் கணினி படித்த எழுத்து. அது துணைக்காலை ரகரம் என்று படிக்கும், ஒற்றைத் தின்னும். சரிபார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கைக்கு இது வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இப்படித் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, திருத்திச் சேர்த்ததுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

கே: இந்தப் பைத்தியம் உங்களுக்கு எப்போது பிடித்தது?
– வாசகர், கோவை

ப: 2006இல். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்கள் அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சிடி அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையதே. 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஐந்து கேட்டேன், சில வாரங்களில் ஐந்தும் அட்டை உறையோடு வந்தன. வெளிநாட்டிலிருந்து சும்மா எவன் அனுப்புவான், என்ன வம்பை இழுத்துவைத்திருக்கிறாய் என்று அப்பா தபால்காரரை வைத்துக்கொண்டே விசாரணை நடத்தினார். ஒன்றை நான் வைத்துக்கொண்டு நான்கை நண்பர்களுக்குக் கொடுத்தேன். மூன்று பேர் நிறுவவே இல்லை. நான்காவது நண்பன் வீட்டில் அவன் அம்மா அதைக் கயிற்றில் கட்டி மொட்டை மாடியில் வடகத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். காக்கா ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை என்று என்னிடமே சொன்னார்.