டாட் காமா, டாட் டர்பனா: கூகுள் எதை மேலே காட்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறீர்கள். டாட் காம், டாட் கோ டாட் இசட்ஏ, டாட் டர்பன் மூன்றில் எதில் முடியும் இணைய முகவரியை வாங்கினால் கூகுளில் முன்னால் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலுக்காக மட்டும் கூகுள் யாரையும் மேலே ஏற்றுவதில்லை. ஆனால் நாட்டுக்குரிய வால் ஒரு குறிப்பைத் தரும். டாட் கோ டாட் இசட்ஏ என்றால் இது தென்னாப்பிரிக்கர்களுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். டர்பனில் ஒருவர் 'காவடிச் சாமான்' என்று தேடினால் அது கைகொடுக்கும். லண்டனில் தேடுபவரிடம் அதே வால் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கலாம்.

டாட் டர்பன்தான் வேடிக்கை. 2014இல் வந்தது. ஊர்ப் பெயரே இருக்கிறதே என்று ஆசை வரும். கூகுளோ ஊர் வால்களையும் டாட் காம் போலப் பொதுவானதாகவே நடத்துகிறது.

உள்ளூர் வியாபாரம் மட்டும்தான் என்றால் டாட் கோ டாட் இசட்ஏ எடுங்கள். மொரீஷியஸுக்கும் பார்சல் போகிறதா, சரி, டாட் காம்.

அப்புறம், பழைய முகவரி ஓடிக்கொண்டிருந்தால் சும்மா மாற்றாதீர்கள். நான் ஒருமுறை 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவர்களைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடாமல் மாற்றிவிட்டு, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தேடி வந்தவர்களுக்கெல்லாம் வெற்றுப் பக்கத்தைக் காட்டினேன்.