ரீச் வீழ்ந்த கதை: ஹேலோ நாவல் பற்றிய கேள்வி பதில்

'ஹேலோ: த ஃபால் ஆஃப் ரீச்' பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. எரிக் நைலண்ட் எழுதி 2001 அக்டோபரில் வந்த நாவல் அது. ரீச் என்பது கதையில் வரும் ஒரு கோள். அது முன்கதை சொல்லும் முதல் ஹேலோ வீடியோ கேம் அடுத்த மாதம்தான் விற்பனைக்கு வந்தது. கேம்களை ஒட்டி வரும் அறிவியல் புனைகதைகளை விடாமல் படிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள், கதைச்சுருக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு நாவலுக்குப் போகாதீர்கள். இங்கேயும் கதையின் திருப்பங்கள் வரும். இன்னும் படிக்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதுமுகம்: நான் அந்த கேமை ஆடியதே இல்லை. நாவல் புரியுமா?

தாராளமாகப் புரியும். கேம் தொடங்கும் இடத்தில்தான் நாவல் முடிகிறது. முன்னால் தெரிந்திருக்க வேண்டியது எதுவும் இல்லை. சொல்லப்போனால் கேம் ஆடாதவருக்கு ஒரு லாபம் உண்டு: முன்னுரையில் வரும் ஒரு சண்டையைத் தாண்டிவிட்டால், கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் உங்களுக்குக் கவசம் போட்ட வீரனாக அல்ல, ஜான் என்ற ஆறு வயதுப் பையனாக அறிமுகமாவான்.

இரவுப்பறவை: கேம் நாவல் என்றாலே விளம்பரச் சரக்கு என்றுதான் நினைப்பேன். இதை ஏழே வாரத்தில் எழுதி முடித்தாராம். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

ஏழு வாரம் என்பது உண்மைதான். அவசரத்தின் தடம் புத்தகத்தில் தெரியவும் செய்கிறது. மொழிநடையில் அழகு தேடினால் கிடைக்காது. பின்பாதியில் கப்பல் பெயர்களும் ஆயுதப் பெயர்களும் வரிசை கட்டி வரும்போது எனக்கும் கை தானாகப் பக்கம் புரட்டியிருக்கிறது.

ஆனால் முதல் பாதியை ஊன்றிப் படியுங்கள். போர்வீரர்களாக்கக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் பயிற்சியில் முதல் நாள் வரும் மணி அடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, கயிறும் கம்பமுமாக இருக்கும் ஒரு தடைத்தளத்தின் உச்சியில் தொங்கும் மணியை அடிக்கச் சொல்கிறார் பயிற்சியாளர் மெண்டெஸ். கடைசியாக வரும் குழுவுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. ஜான் கண்மண் தெரியாமல் ஏறி முதல் ஆளாக மணி அடித்துவிடுகிறான். கூட்டாளிகள் கெல்லியும் சாமும் பின்தங்கிவிடுகிறார்கள். முடிவில் ஜெயித்த பையனின் குழுவுக்குத்தான் சாப்பாடு இல்லை. அன்றைக்கு அவனுக்கு உறைப்பது ஒன்றுதான்: தான் மட்டும் முந்துவது ஜெயிப்பது ஆகாது. பின்னால் அவன் தலைவனாக எடுக்கிற ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பசி இருக்கிறது. கேமில் அவன் முகத்தைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. நாவலால் செய்ய முடிந்ததும் கேமால் செய்ய முடியாததும் இதுதான். இதைச் செய்கிற கேம் நாவல்தான் படிக்கத் தகுந்தது. இதைச் செய்யாதது எத்தனை பிரதி விற்றிருந்தாலும் எனக்கு அக்கறையில்லை.

ரேடார்: ஹேலோ நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில். கதை நடக்கும் ஆண்டு வரிசையில் படிக்கவே படிக்காதீர்கள். அப்படித் தொடங்கினால் கிரெக் பியர் எழுதிய முன்னோர் முத்தொகுதியில் போய் நிற்பீர்கள். 2011 முதல் 2013 வரை வந்தவை அவை. பல்லாயிரம் ஆண்டு முந்தைய கதை. நல்ல எழுத்துதான், ஆனால் ஒரு புது வாசகரைத் திணறடித்துவிடும்.

சிவப்பு அணி: அண்ணே, பிடிஎஃப் இருக்கா?

இல்லை தம்பி. இருந்தாலும் தர மாட்டேன். அச்சில் கிடைக்கிற புத்தகம், மின்னூலாகவும் விற்கிறார்கள்.

வாசகி: எனக்கு இந்த நாவல் கசந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தைகளைக் கடத்திக் கொண்டுபோய்ப் போர்வீரர்களாக்குகிறார்கள். நாவலோ நம்மைக் கைதட்டச் சொல்கிறது. நீங்கள் எப்படி இதை ரசிக்கிறீர்கள்?

இவ்வளவு கேள்விகளில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது இதைத்தான்.

நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2517-இல் 'ஸ்பார்ட்டன்' என்ற அதிவீரர்களை உருவாக்கும் திட்டத்தை நடத்தும் விஞ்ஞானி டாக்டர் ஹால்சி, இளம் அதிகாரி கீஸோடு ஒரு காலனிக் கோளுக்குப் போய் ஜானைப் பார்க்கிறார். காசைச் சுண்டி எந்தப் பக்கம் என்று கேட்கிறார். பையன் சரியாகச் சொல்ல, காசை அவனுக்கே கொடுத்துவிடுகிறார். அவனும் அவனைப் போன்ற மற்றவர்களுமாக 75 குழந்தைகள் தூக்கப்படுகிறார்கள். அவர்கள் இருந்த வீடுகளில் அவசரமாக வளர்த்த நகல் குழந்தைகள் விடப்படுகின்றன. அந்த நகல்கள் நோய்வாய்ப்பட்டுச் சாகும் என்பது ஹால்சிக்குத் தெரியும். பெற்றோர் தங்கள் பிள்ளை செத்ததாக நினைத்து அழுவார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2525-இல், உடலை மாற்றும் அறுவைச் சிகிச்சை. முழுசாக எழுந்து வருவது 33 பேர். 30 பேர் இறக்கிறார்கள், 12 பேர் முடமாகிறார்கள்.

நாவல் கைதட்டச் சொல்கிறது என்ற குற்றச்சாட்டை நான் பாதிதான் ஏற்கிறேன். இந்தக் கணக்கை நைலண்ட் மறைக்கவில்லை, நேராக முன்னே வைக்கிறார். ஆனால் அந்தப் பெற்றோர் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று அழுத ஒரு தாயைக்கூட நமக்குக் காட்டவில்லை. உங்கள் கசப்பு அங்கிருந்துதான் வருகிறது என்றால், அது நியாயமான கசப்பு.

நீலக்கவசம்: வாசகிக்குச் சொல்கிறேன். ஹால்சி செய்தது சரிதான். வேற்றுக்கோள்வாசிகள் மனித இனத்தையே அழிக்க வரும்போது 75 குழந்தைகளா, கோடிக்கணக்கான உயிரா?

நண்பரே, நாவலை இன்னொரு தடவை படியுங்கள். குழந்தைகளைத் தூக்கியது 2517-இல். வேற்றுக்கோள்வாசிகளின் கோவனன்ட் கூட்டணியை மனிதர்கள் முதன்முதலில் சந்திப்பது 2525-இல். ஹால்சி அவர்களைக் கடத்தியபோது வேற்றுக்கோள்வாசி என்ற பேச்சே கிடையாது. காலனிகளில் கிளர்ச்சி செய்த மனிதர்களை அடக்கத்தான் ஸ்பார்ட்டன்கள் உருவாக்கப்பட்டார்கள். அவர்களுடைய முதல் பணியே ஒரு கிளர்ச்சித் தலைவனைப் பிடிப்பதுதான். அதுவும் எங்கே? ஜான் பிறந்த அதே நட்சத்திர மண்டலத்தில். அவன் சொந்த மண்ணின் ஆட்களுக்கு எதிராகவே அவனை முதலில் ஏவுகிறார்கள்.

நீலக்கவசம்: சரி, நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். கடைசியில் உலகம் பிழைத்ததா இல்லையா?

பிழைத்தது. பிழைத்ததால் செய்தது சரியாகிவிடாது. ஹால்சி எதிர்காலத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, பிறகு வந்த ஆபத்து அவருடைய குற்றத்துக்கு ஒரு பயனைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆபத்து வராமலே போயிருந்தால் இந்தப் பிள்ளைகளை வைத்து என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள். கிளர்ச்சிக்காரர்களை ஒவ்வொருவராக வேட்டையாடும் ஒரு கூட்டம் மிஞ்சியிருக்கும். இதை யோசிக்க வைக்கிற அளவுக்கு விஷயம் நாவலுக்குள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன்.

வாசகி: பெற்றோர் பக்கத்தை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள். கேரன் டிராவிஸின் மூன்று நாவல்கள் ஹால்சியைக் கூண்டில் ஏற்றியே பேசுகின்றன. 2011-இல் வந்த 'கிளாஸ்லேண்ட்ஸ்' முதலாவது. மூன்றாவதான 'மார்ட்டல் டிக்டாட்டா' 2014-இல் வந்தது. வீட்டில் இறந்தது தன் மகள் இல்லை என்று உணர்ந்து, உண்மையைத் தேடி அலையும் ஒரு தகப்பன் அதில் வருகிறார். ஹால்சி ரசிகர்களுக்கு அந்தப் புத்தகங்கள் மீது கோபம் அதிகம். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சுருக்கம் மட்டும் தேடாதீர்கள்.

இரவுப்பறவை: 2010-இல் வந்த 'ஹேலோ: ரீச்' கேமும் நாவலும் ஒத்துப்போகவில்லையே. எது உண்மை?

ஒத்துப்போகாதுதான். நாவலில் எதிரிப் படை 2552 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மொத்தமாக வந்து இறங்குகிறது, ரீச் விழுகிறது. கேமில் சண்டை ஜூலையிலேயே தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கிறது. நாவலில் 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பல் விண்வெளியில் நின்று போரிடுகிறது, கேமில் தரையிலிருந்து கிளம்புகிறது. கேமோடு தந்த ஹால்சியின் நாட்குறிப்பும் பின்னால் வந்த மறுபதிப்புகளும் ஓட்டையை அடைக்கப் பார்த்தன. என் கருத்து, இரண்டையும் இரண்டாகவே அனுபவியுங்கள். கேமில் அந்தக் கோள் மெல்ல மெல்லச் சாவதைப் பார்க்கிறோம். நாவலில் இடி விழுந்த மாதிரி ஒரே நாளில் எல்லாம் போய்விடுகிறது. இரண்டுக்கும் தனித்தனி வலி.

தூரிகை: இந்த கேம் ஓட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

என் துறை இல்லை. கணினி சேர்க்கிறவர்களைக் கேளுங்கள்.

கடைசி பெஞ்ச்: எந்த வரிசையில் படிப்பது?

மேலே ரேடாருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ரேடார்: வெளிவந்த வரிசை என்றால் இரண்டாவது 'த ஃபிளட்'. அதைத் தாண்டிவிடலாமா?

கேம் ஆடியவர் தாண்டலாம். வில்லியம் டயட்ஸ் 2003-இல் எழுதியது, முதல் கேமின் கதையையே திருப்பிச் சொல்கிறது. நீங்களே சுட்டு முடித்த சண்டையை இன்னொருவர் விவரிக்கக் கேட்பது அலுப்பு. ஆனால் யாயாப் என்று ஒரு குட்டி எதிரி வீரன் வருகிறான். கேமில் நாம் யோசிக்காமல் கொன்று தள்ளும் ரகம். அவனுடைய பயத்தையும் பிழைக்கிற தந்திரத்தையும் காட்டும் பக்கங்களுக்காக அந்தப் புத்தகத்தை நான் வைத்திருக்கிறேன். அதே டயட்ஸ் 2012-இல் 'மாஸ் எஃபெக்ட்: டிசெப்ஷன்' எழுதியபோது வாசகர்கள் பிழைகளைப் பட்டியல் போட்டார்கள். திருத்துகிறோம் என்று கேம் நிறுவனமும் பதிப்பகமும் அறிவிக்க வேண்டியதாயிற்று. வாசகர் கூர்மையாகப் படிக்கிறார் என்பதைப் பதிப்பகங்கள் உணர்ந்தது நல்லதுதான்.

நீலக்கவசம்: ஒரு சண்டைக் காட்சியாவது பாராட்டுங்களேன்!

கீஸின் சுற்று. ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு நான்கு எதிரிக் கப்பல்கள் முன் நிற்கிறார். துரத்தி வரும் பிளாஸ்மாவை, கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வளைந்து, எதிரி மேலேயே திருப்பிவிடுகிறார். ஒவ்வொரு நொடியும் கணக்காக எழுதப்பட்ட இடம் அது. அங்கே நான் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை.

இன்னொரு ஸ்பார்ட்டன்: எந்த வரிசையில்...

மூன்றாவது தடவை! வெளிவந்த வரிசை.

புதுமுகம்: 2022 தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டுப் படிக்கலாமா?

வேண்டாம். தொடர் தனக்கென்று வேறொரு காலவரிசை வைத்துக்கொண்டது, குழப்பம்தான் வரும். முதலில் நாவல். படம் பார்க்க ஆசையாக இருந்தால் 2015-இல் வந்த அனிமேஷன் இருக்கிறது. அது நாவலின் முன்பகுதியோடு, பிள்ளைகளின் கதையோடு நின்றுகொள்கிறது. மணி அடிக்கும் இடம் வரைக்குமாவது புத்தகத்தில் படித்துவிட்டு அதைப் போடுங்கள்.