மஸ்டாங் காருக்குப் பெயர் வந்த வழி

கேள்வி: எங்கள் ஊர் வினாடி வினாப் போட்டியில், ஃபோர்டு மஸ்டாங் காருக்கு எதை வைத்துப் பெயர் சூட்டினார்கள் என்று கேட்டார்கள். இரண்டாம் உலகப் போர் விமானம் என்று நாங்கள் சொன்னோம். அது தவறாம். அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பெயர்தான் அது, ஃபோர்டு அதிகாரி லீ அயகோக்காவே அணியைத் தேடிப்போய் அறிவித்தார் என்று சொல்லி மதிப்பெண்ணை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள். எது சரி?

பதில்: எதிரணிக்குக் கொடுத்தது சரியில்லை. உங்கள் விடையும் முழுசாகச் சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அணிக் கதையை முடித்துவிடுவோம்.

கதை இப்படிச் சொல்லப்படுகிறது. 1963 செப்டம்பர் 28, சனிக்கிழமை. டாலஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் அணி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட ஆன் ஆர்பருக்கு வந்தது. (நம் ஊர்க் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.) மிச்சிகன் 27-16 என்று ஜெயித்தது. தோற்ற பையன்கள் உடைமாற்றும் அறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது அயகோக்கா உள்ளே வந்தார். நீங்கள் ஆடியதைப் பார்த்ததும் முடிவெடுத்துவிட்டோம், எங்கள் புதுக் காருக்கு மஸ்டாங் என்று பெயர், உங்களைப் போலவே அதுவும் எடை குறைந்தது, துடிப்பானது என்று சொன்னார். இதுதான் கதை.

நம்பும்படி இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அந்த ஆட்டம் நடந்தது, முடிவும் அதுதான். அந்த அணி 1917 முதலே மஸ்டாங்ஸ் என்ற பெயரில் ஆடி வருகிறது (மஸ்டாங் என்றால் அமெரிக்கக் காட்டுக்குதிரை). 1932 முதல் பெரூனா என்ற கறுப்பு மட்டக்குதிரையை மைதானத்துக்கு அழைத்து வருகிறார்கள். ஃபோர்டின் தலைமையகமான டியர்போர்ன், ஆன் ஆர்பரிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரம். ஏழு மாதம் கழித்து அதே பெயரில் கார் கடைக்கு வருகிறது. சுற்றியுள்ள விவரமெல்லாம் பொருந்தும்போது நடுவில் இருப்பதையும் யாரும் சோதிப்பதில்லை.

சோதிக்க வேண்டியது ஒரே ஒரு தேதியை. 1962 அக்டோபர் 7, நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தடம். அமெரிக்க கிராண்ட் பிரீ நடந்த நாள். பந்தய வீரர் டான் கர்னி அங்கே ஃபோர்டின் சோதனைக் கார் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதன் பெயர் மஸ்டாங். பத்திரிகைக்காரர்கள் முன்னால், பந்தயம் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால், அந்தப் பெயரோடும் ஓடும் குதிரைச் சின்னத்தோடும் வந்தது. ஆன் ஆர்பர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. இதற்கு மேல் கதைக்கு உயிர் இல்லை.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைக்கு வந்த மஸ்டாங்குக்கும் அதற்கும் பெயரையும் சின்னத்தையும் தவிர ஒட்டுறவே குறைவு. இரண்டே இருக்கை. குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தின் மேல் அலுமினிய உடல். ஜெர்மனி ஃபோர்டின் டவுனஸ் காருக்கான 1.5 லிட்டர் வி4 இன்ஜினை முன்னால் வைக்காமல் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இருக்கை நகராது. உடலோடு சேர்த்துப் பொருத்தியிருந்ததால், ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப பெடல்களையும் ஸ்டியரிங்கையும்தான் நகர்த்திக்கொள்ள வேண்டும். ஓடும் நிலையில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். இப்போது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. பெயர் வேண்டுமானால் காற்றில் வந்திருக்கலாம் என்று வாதாடுகிறவர்கள், அந்தக் காரின் சின்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாதாடட்டும்: சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளின் மேல் பாயும் குதிரை.

இங்கே அணிக் கட்சிக்காரர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். சோதனைக் காருக்கு வைத்த பெயர் வேறு, விற்பனைக் காருக்கு வைத்த பெயர் வேறு, இரண்டாவது முடிவுதான் ஆட்டத்தன்று எடுத்தது என்பார்கள். கேட்க வேண்டிய வாதம்தான். விற்பனைக் காருக்குப் பெயர் உடனே முடிவாகவில்லை என்பது உண்மை. 1962 ஆகஸ்டில் ஃபோர்டின் வடிவமைப்புக் குழுக்களுக்கு நடுவே நடந்த உள்போட்டியில் வடிவமைப்பாளர் ஜோ ஓரோஸ் குழுவின் களிமண் மாதிரி ஜெயித்தது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் கூகர். செப்டம்பர் 10ஆம் தேதி நிறுவனத் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு தயாரிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார். திட்டப் பெயர் டி-5. டொரினோ என்ற பெயருக்கு விளம்பரமே தயாரித்து வைத்திருந்தார்கள். மாதிரிக் காரின் முன்பக்கக் கிரில்லைப் பழைய படங்களில் பாருங்கள். நடுவில் ஒரு செவ்வகச் சட்டம், அதற்குள் இருப்பது குதிரை அல்ல, கூகர் என்ற மலைச்சிங்கம். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிற்பாடு உள்ளே விலங்கை மட்டும் மாற்றினார்கள்.

ஆனால் இந்த வாதமும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. 1963 அக்டோபர் 5, ஆட்டம் முடிந்த ஏழாம் நாள், அதே வாட்கின்ஸ் கிளென்னில் ஃபோர்டு இன்னொரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. நான்கு இருக்கை, வெள்ளை நிறம், நீலப் பட்டை, விற்பனைக்கு வரப்போகும் வடிவத்தின் முன்னோட்டம். பெயர் மஸ்டாங் 2. முதல் வருடத்துக் காரின் தொடர்ச்சி என்பதால்தான் அந்த எண். உற்பத்திக்கு முந்தைய உடல் ஒன்றை எடுத்து, மூக்கை நீட்டி, கூரையைக் குறைத்து, வெளிப்பட்டறை ஒன்றில் செய்து முடித்த கார் அது. அதை ஒரு வாரத்தில் கட்டிப் பெயரிட்டுப் பந்தயத் தடத்தில் நிறுத்த முடியாது.

தொழிற்சாலை முறையையும் கணக்கில் எடுங்கள். ஒரு பெயர் காரில் ஏறுவதற்கு முன்னால் பட்டியல் போட வேண்டும், வேறு யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், வாடிக்கையாளர்களிடம் சோதிக்க வேண்டும், மேலிடம் ஒப்ப வேண்டும். பிறகு சின்னம்: வரைபடம், மாதிரி, அச்சு, சோதனை வார்ப்பு, குரோம் பூச்சு. டியர்போர்னில் உற்பத்தி தொடங்கியது 1964 மார்ச் 9. ஆட்டத்திலிருந்து 163 நாள். விளம்பரமும் கையேடுகளும் அதற்குள் தயாராக வேண்டும். பதிவைச் சரிபார்ப்பது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் மஸ்டாங் என்ற பெயர் க்ரூப் நிறுவனத்தின் லாரிக்குச் சொந்தமாக இருந்தது. ஃபோர்டு அதை வாங்கவில்லை. விளைவு, 1970களின் இறுதி வரை அங்கே விற்ற மஸ்டாங்கில் மஸ்டாங் என்ற எழுத்தே இல்லை, டி-5 என்றுதான் விற்றது.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? ஃபோர்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாய்க்கால்கள் இருக்கின்றன. வடிவமைப்பாளர் ஜான் நஜ்ஜாருக்கு பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் மேல் பிரியம். 1962 சோதனைக் காருக்கு அந்தப் பெயரை அவர்தான் சொன்னார். விமான வாடை அதிகம் என்று மேலே மறுத்துவிட்டார்கள். அதே பெயரைக் குதிரையைக் காட்டி மறுபடி கொண்டுபோனார், ஏற்றுக்கொண்டார்கள். ஓடும் குதிரைச் சின்னத்தை வரைந்தவர் ஃபில் கிளார்க். சந்தை ஆய்வுப் பொறுப்பிலிருந்த ராபர்ட் எக்கர்ட் குதிரை வளர்ப்பவர். காட்டுக்குதிரைகளைப் பற்றி ஜே. ஃபிராங்க் டோபி எழுதிய புத்தகத்தை மனைவி பரிசாகக் கொடுக்க, அதிலிருந்து இந்தப் பெயரைத் தானும் முன்வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கான்லி, டெட்ராயிட் பொது நூலகத்துக்குப் போய் விலங்குப் பெயர்களாகப் பட்டியல் எடுத்து வந்தார். பிராங்கோ, பூமா, சீட்டா, கோல்ட், கூகர், மஸ்டாங். தள்ளிய பெயர்களையும் ஃபோர்டு தூக்கிப் போடவில்லை. பிராங்கோ 1966 மாடலாகவும், கூகர் 1967இல் ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் பெயரிலும், டொரினோ 1968 மாடலாகவும் வந்தன.

அயகோக்கா உடைமாற்றும் அறைக்குப் போனாரா என்று நீங்கள் கேட்கலாம். போய்ப் பேசியிருந்தாலும் ஒன்றும் மாறாது. ஃபோர்டு பிரிவின் தலைவர், விற்பனையில் வளர்ந்தவர், தோற்றுப்போன இளைஞர்களிடம் பெருந்தன்மையாக நான்கு வார்த்தை பேசுவது இயல்பு. கேட்டவர்கள் அதை வாழ்நாள் பெருமையாக வைத்துக்கொள்வதும் நியாயம். ஆனால் பாராட்டும் பெயர் சூட்டலும் ஒன்றாகிவிடாது. அதே அயகோக்கா 1984இல் வந்த தன் சுயசரிதையில் கை காட்டுவது கான்லியின் பட்டியலையும் போர் விமானத்தையும்தான். நஜ்ஜார் விமானத்தை விட்டுக் குதிரைக்கு மாறிய இடத்தில், அயகோக்கா குதிரை அல்ல விமானம் என்கிறார். ஒரே நிறுவனத்துக்குள் இத்தனை பேர் உரிமை கொண்டாடுவது, 1964 ஏப்ரல் 17 அன்று 2,368 டாலருக்கு அறிமுகமாகி இரண்டே வருடத்துக்குள் பத்து லட்சம் தயாரான ஒரு காருக்கு நடக்கக்கூடியதே. வெற்றிக்குத் தகப்பன்மார் அதிகம்.

ஆகவே உங்கள் விடையில் பாதி இருக்கிறது. யோசனை பிறந்த இடம் விமானம். காரில் ஏறிய சின்னம் குதிரை. கேள்வியைத் தயாரித்தவர் 'எதை வைத்து' என்று ஒற்றை விடை எதிர்பார்த்ததே கோளாறு. '1962இல் வாட்கின்ஸ் கிளென்னில் ஓடிய ஃபோர்டு சோதனைக் காரின் பெயர் என்ன?' என்று கேட்டிருந்தால் யாருக்கும் சண்டை வராது. எதிரணியின் மதிப்பெண்ணை ரத்து செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரச் சொல்லி வாதாட வேண்டாம். அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு மொத்தத்தைத் திரும்பக் கூட்டுவதுதான் முறை.