உணவியல் முதுகலை: முதலில் மருத்துவமனையை விசாரியுங்கள்

கேள்வி: மனையியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் என் மகள், உணவியலும் மருத்துவ ஊட்டச்சத்தும் என்ற பாடத்தில் எம்.எஸ்ஸி. சேர விரும்புகிறாள். "சமையல் படிக்க இன்னும் இரண்டு வருடமா?" என்று என் மதினி கேட்கிறார்கள். மேலே படிக்க வைக்கலாமா? எந்தக் கல்லூரி நல்லது?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்.

பதில்: தாராளமாகப் படிக்க வையுங்கள். எந்த உணவில் எந்தச் சத்து இருக்கிறது என்பதைத் தங்கள் மகள் இளங்கலையிலேயே கற்றிருப்பார். நோயுற்ற உடல் அந்தச் சத்தை எப்படிக் கையாளுகிறது என்பதை முதுகலையில்தான் ஆழமாகக் கற்பார். சிறுநீரகம் பழுதடைந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காத 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் புரதத்தைப் பொதுவாக நாளுக்கு 36 முதல் 48 கிராமுக்குள் நிறுத்துவார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டாலோ, சுத்திகரிப்பின்போது புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதால், அவருக்கே 60 முதல் 72 கிராம் வரை தேவைப்படும். நேற்றுவரை முட்டையைக் குறைக்கச் சொன்னவரே இன்று வெள்ளைக்கருவைச் சேர்க்கச் சொல்ல வேண்டிய இடம் இது. இதைச் சமையல் படிப்பு என்று சொல்வது பொருந்தாது.

நம் பக்கத்துச் சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும் நோயாளியிடம் சொதியைத் தொடாதே என்று யாரும் சொல்லிவிடலாம். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்து, பாலைக் குறைத்துச் செய்தால் எத்தனை கரண்டி ஊற்றிக்கொள்ளலாம், அல்லது இப்போதைக்கு அறவே கூடாதா என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவருடன் கலந்து சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும். சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டிக் காப்பி கெடுதல் இல்லை என்று உறுதியாக நம்பும் ஆச்சியிடம், அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே என்பதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்லும் பக்குவமும் வார்டில் நின்றுதான் வரும்.

ஆகவே கல்லூரியின் பெயரைவிட, அது மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறது என்பதையே முதலில் விசாரியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி உணவைக் கணக்கிட விடுகிறார்களா, சமையற்கூடத்தில் தட்டுகளை எண்ண மட்டும் நிறுத்துகிறார்களா என்பது அங்கே படித்து முடித்தவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்துக்கு இத்துறையில் நெடுங்காலப் பெயர் உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையிலும் உணவியல் முதுகலையை நடத்தி வந்தது; ஆனால் இத்துறையில் தொலைநிலைச் சேர்க்கையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் நிறுத்திவிட்டது. பணியில் இருந்தவர்களுக்கு அது உதவியது என்றாலும், தங்கள் மகளுக்கு நேரடி வகுப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பட்டத்துக்குப் பின், உரிய மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்து, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வை அவசியம் எழுதச் சொல்லுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உணவியலாளர்களையும் உள்ளடக்குவதால், முறையான தகுதிக்கு இனி மதிப்பு கூடும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: உயிர்வேதியியல் படித்த நானும் இதில் சேரலாமா?
– வாசகி, வள்ளியூர்.

பதில்: சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அந்த இளங்கலையோடு பதிவுத் தேர்வையும் எழுத முடியுமா என்பதைச் சங்கத்தின் விதிகளில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.