எக்ஸ்பி போட்டதும் டயல்-அப் வரவில்லையா? பார்மட் செய்யாதீர்கள்

கேள்வி: விண்டோஸ் 98 இருந்த கணினியைக் கடையில் கொடுத்து, அதன் மேலேயே எக்ஸ்பி போட்டு வாங்கி வந்தேன். முன்பு போன் லைன் வழியே (டயல்-அப்) ஒழுங்காக வந்துகொண்டிருந்த இன்டர்நெட் இப்போது வரவில்லை. டயல் செய்தால் 680 என்று பிழை வருகிறது, சில சமயம் 678. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு, அழிக்கவே வேண்டாம். 680, 678 என்று எண் வருகிறதென்றால் எக்ஸ்பிக்கு உங்கள் மோடம் (கணினியைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) தெரிகிறது, அது லைனை எடுத்து டயல் செய்யவும் பார்க்கிறது என்று அர்த்தம். போனை எடுத்ததும் வரும் டயல் டோன் கேட்கவில்லை என்பது 680. டயல் செய்தும் மறுமுனை எடுக்கவில்லை என்பது 678. இந்த நிலையில் பார்மட் செய்தால் உங்கள் கோப்புகள் போகும், அதே பிழை திரும்ப வரும்.

முதலில் வயரைப் பாருங்கள். கணினி கடைக்குப் போய் வந்திருக்கிறது இல்லையா, மோடத்தின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும், ஒன்றில் லைன் என்றும் மற்றதில் போன் என்றும் பொறித்திருக்கும், சுவரிலிருந்து வரும் வயர் லைன் துளையில்தான் இருக்கவேண்டும். மாற்றிச் செருகினால் 680 வரும், பல மோடங்களில் போன் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. இணையாக வேறு அறையில் போன் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள்.

வயர் சரியாக இருந்தால் அடுத்தது டயல் டோன். நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தரும் டயல் டோன் அமெரிக்காவில் கேட்பதைப் போன்றதல்ல, ஆனால் பல மோடங்கள் அந்த ஊர் ஒலிக்காகவே காத்திருக்கும். 98-இல் இதற்கான மாற்றத்தை யாராவது அன்றைக்கே செய்து கொடுத்திருப்பார்கள், எக்ஸ்பி அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்வதில்லை. கன்ட்ரோல் பேனலில் 'போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்' திறந்து, மோடம்ஸ் பகுதியில் உங்கள் மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். அங்கே 'வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அதே ஜன்னலில் அட்வான்ஸ்டு பகுதியில் கூடுதல் கட்டளைக்கான பெட்டி இருக்கும், அதில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தையும் 3 என்ற எண்ணையும் சேர்த்து அடியுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய், பிஸி டோனை மட்டும் கவனி என்று மோடத்துக்குச் சொல்வது அது. உங்கள் 680 பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

678-க்கு வேறு காரணம். எக்ஸ்பி போடும்போது நாடு, ஏரியா கோடு கேட்கும், பலர் அங்கே இருக்கும் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதை மாற்றாமல் அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் அது நீங்கள் கொடுத்த எண்ணுக்கு முன்னால் தன் பங்குக்கு எண்களைச் சேர்த்து டயல் செய்யும். அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'யூஸ் டயலிங் ரூல்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, போனில் கையால் எப்படி அழுத்துவீர்களோ அப்படியே எண்ணை எழுதுங்கள். மோடத்தின் ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்பதும் நல்லது. மணி அடித்து யாரோ ஹலோ என்றால் எண் தப்பு, பிஸி டோன் கேட்டால் சற்றுப் பொறுத்து முயலவேண்டியதுதான், கீச்சென்ற இரைச்சல் தொடங்கிவிட்டால் மறுமுனை எடுத்துவிட்டது.

இரைச்சலுக்குப் பிறகு 691 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 98-இல் சேமித்துவைத்த பாஸ்வேர்டு எக்ஸ்பிக்கு வந்திருக்காது. அதனால் புதிதாக அடியுங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து கவனம். 'இன்க்ளூட் விண்டோஸ் லாகான் டொமைன்' டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மோடமே தெரியவில்லை, அல்லது 692 வருகிறது என்பவர்களுக்கு டிரைவர்தான், அதாவது மோடத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் பிரச்சினை. எக்ஸ்பி பெயரளவில்தான் 98-க்கு அடுத்தது, உள்ளுக்குள் அது விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000 வழி வந்தது, 98-க்காக எழுதிய பழைய டிரைவர்கள் பல அதில் ஓடாது. கணினிக்குள் செருகும் மலிவு விலைக் கார்டுகள் பெரும்பாலும் வின்மோடங்கள். மோடம் செய்யவேண்டிய கணக்கை எல்லாம் கணினியின் ப்ராசஸரே செய்யும், செய்யவைப்பது டிரைவர், ஆக டிரைவர் சரியில்லை என்றால் அந்தக் கார்டு வெறும் தகடு. கார்டைக் கழற்றி அதிலுள்ள பெரிய சிப்பின் பெயரைப் பாருங்கள், கோனெக்ஸன்ட், லூசன்ட், மோட்டரோலா, பிசிடெல் என்று ஏதாவது இருக்கும். அந்தச் சிப்புக்கான எக்ஸ்பி டிரைவரை நண்பர் வீட்டிலோ ப்ரௌசிங் சென்டரிலோ இறக்கிக்கொண்டு வாருங்கள். பழைய டிரைவரை நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு புதியதை நிறுவுங்கள், மேலேயே போட்டால் குழப்பம்தான்.

இதைக் கட்டாயம் செய்யுங்கள்: முதல்முறை டயல் செய்வதற்கு முன்பே இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஃபயர்வாலை (வெளியிலிருந்து கணினிக்குள் நுழைவதைத் தடுக்கும் பாதுகாப்பு) போட்டுவிடுங்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வகை வைரஸ் பரவியது, நீங்கள் எந்த மெயிலையும் திறக்கவேண்டாம், லைனில் இருந்தாலே போதும், புதிதாகப் போட்ட எக்ஸ்பிக்குள் அது நுழைந்துவிடும். 60 நொடியில் கணினி அணையப் போகிறது என்று எண்ணிக்கை ஓடி, தானே ரீஸ்டார்ட் ஆவது அதன் வேலை. இதையும் டயல்-அப் கோளாறு என்று நினைத்து மோடத்தை மாற்றியவர்கள் உண்டு. எக்ஸ்பிக்கான திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 2 போட்டால் ஃபயர்வால் தானாகவே இயங்கும், ஆனால் முழுக் கோப்பு 260 எம்பிக்கு மேல், டயல்-அப்பில் 15 மணி நேரம் ஆகலாம், சிடியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தும் உங்கள் கார்டுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடைக்கவில்லை என்றால், இன்னொரு மலிவுக் கார்டு வாங்காதீர்கள். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் விலை கூடுதல்தான், ஆனால் அது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், எக்ஸ்பியில் 'ஸ்டாண்டர்டு மோடம்' என்று தேர்ந்தெடுத்தாலே ஓடும். வாங்கும் முன் உங்கள் கணினியின் பின்னால் 9 பின் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.