லவ் பேர்ட்ஸ் "செட் சோடி" எண்டு சொன்னா கூடக் காசு குடுக்கலாமா?

கேள்வி (உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி): அண்ணா, மகன்ட பிறந்தநாளுக்கு டவுனில ஒரு கடையில லவ் பேர்ட்ஸ் ரெண்டு வாங்கினனாங்கள், பச்சை ஒண்டு நீலம் ஒண்டு. இது செட் சோடி, கெதியா முட்டை போடும் எண்டு சொல்லி கடைக்காரர் மற்ற சோடியள விட 1,500 ரூபா கூட எடுத்தவர். வாங்கி ரெண்டரை மாசம் ஆகுது. முட்டை போட கூட்டுக்க மண் முட்டி கட்டின நாள்ல இருந்து ரெண்டும் ஒரே அடிபாடு, முந்தநாள் பச்சையின்ட கால்ல ரத்தம். ரெண்டுக்கும் மூக்கு மண்ணிறமாத்தான் கிடக்கு. கடைக்காரரக் கேட்டா "பழகும் பழகும்" எண்டுறார். பில் எடுக்கேல்ல. காசு திரும்ப வாங்கேலுமா?

பதில்: தங்கச்சி, காசுக் கதைய பிறகு கதைப்பம், முதல்ல அந்த முட்டிய இண்டைக்கே கழட்டி வெளிய எடுங்கோ. மூக்கு ரெண்டும் மண்ணிறம் எண்டா ரெண்டும் பெட்டை. பெட்டை ரெண்டையும் ஒரு முட்டியையும் ஒரு கூட்டுக்க வைக்கிறது ஒரு காணிக்கு ரெண்டு பேர் உறுதி முடிச்சு வைச்சிருக்கிற மாதிரி, கோடு கச்சேரி வரைக்கும் போகாம நிக்காது. இந்தச் சாதியில (கடையில லவ் பேர்ட்ஸ் எண்டு விக்கிற பட்ஜரிகார்) வீட்டுக்காரி பெட்டைதான், பொந்து அவளிண்ட, ஆண் வாசல்ல நிண்டு ஊட்டிப்போட்டுப் போறவன். முட்டி இல்லாட்டி பாதிச் சண்டை அடங்கும். ரத்தம் வந்தபடியா கொஞ்ச நாளைக்கு தனித்தனிக் கூட்டில விடுங்கோ, பக்கத்தில வைக்கலாம், ஆனா ஒண்டின்ட சொண்டு மற்றதின்ட கால்ல எட்டக்கூடாது.

இனி கடைக்காரர். அவர் பொய்தான் சொன்னவரெண்டு நான் சொல்லமாட்டன், அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். சொண்டுக்கு மேல மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கே, மூக்கு ஓட்டை இருக்கிற இடம், வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம், பெட்டைக்கு வெளிறின நிறத்தில இருந்து மண்ணிறம் வரைக்கும் போகும். ஆனா குஞ்சில ஆணுக்கு ஊதா கலந்த ரோஸ், பெட்டைக்கு கண்ண சுத்தி... இல்ல, மூக்கு ஓட்டைய சுத்தி வெள்ளையா ஒரு வளையம், பழகின ஆக்களே மாறிச் சொல்லுவினம். நெத்தியில கோடு மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தா, கண் முழுக்கக் கறுப்பா இருந்தா, அது மூண்டு நாலு மாசம் தாண்டாத குஞ்சு. குஞ்சு ரெண்டைக் காட்டி செட் சோடி எண்டு ஒருத்தர் சொன்னா அந்த இடத்திலயே சிரிச்சிட்டு வந்திடுங்கோ. அதோட சிவப்புக் கண் மஞ்சளும் முழு வெள்ளையும் வாங்கினா மூக்கு நீலமாகும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, அதுகளில ஆணுக்கு வளர்ந்தாப் பிறகும் ரோஸ்தான்.

சரி, செட் எண்டா என்ன? ஒரு ஆணும் ஒரு பெட்டையும் எண்ட கணக்கு இல்ல, ரெண்டும் ஒண்டை ஒண்டு தெரிஞ்செடுத்திருக்கோணும். கடையில முப்பது குருவி நிக்கிற பெரிய கூட்டுக்க வலையப் போட்டு அகப்பட்ட நீலத்தையும் பச்சையையும் பெட்டியில அடைச்சுத் தந்தா அது செட் இல்ல, ஒரே பஸ்ஸில ஏறின ரெண்டு பேர். நான் வாங்கப் போனா ஆக்கள் குறைஞ்ச மத்தியான நேரமாப் பாத்துப் போய் அரை மணித்தியாலம் சும்மா நிப்பன், கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல. வெக்கைக்கு எல்லாம் அடங்கி இருக்கேக்க எது எதோட தோள் ஒட்டி இருக்குது, எது மற்றதின்ட தலையக் கோதி விடுது (தன்ர தலைய தானே கோதேலாது, அதால நம்பிக்கையான ஆளிட்டதான் குனிஞ்சு குடுக்கும்), எந்த ஆண் தலைய மேலையும் கீழையும் ஆட்டி சொண்டால தட்டி இரையக் கக்கி ஊட்டுது, இதெல்லாம் கண்ணால தெரியும். அந்த ரெண்டையும் விரலால காட்டி இதுதான் வேணும் எண்டு கேளுங்கோ. நிறத்தப் பாக்காதேங்கோ.

அப்பிடி எடுத்த சோடியும் கல்லில வெட்டின எழுத்து இல்ல. 2019இல சீன, நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தவை, பெட்டை முதல்ல கணக்கெடுக்காத ஆணைப் பிடிச்சு, பூட்டின பெட்டியத் திறந்து தீன் எடுக்கப் பழக்கி, அவள் பாக்க அதைச் செய்ய விட்டவை. அவள் இவன் பக்கம் திரும்பிட்டாள். (எங்கட பெடியளுக்கும் சொல்லி வைக்கோணும்.) இப்பிடி மனம் மாறுற சாதிக்கு கடைக்காரர் எப்பிடி உத்தரவாதம் குடுப்பார், அந்த 1,500 ரூபா காத்துக்குக் குடுத்த காசு.

திரும்ப எடுக்கிறது எண்டா, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நீங்க கேட்டா கடைக்காரர் பில் தந்தே ஆகோணும், நீங்க கேக்கேல்ல, அங்கதான் பிழைச்சது. முறைப்பாடு அந்த அதிகாரசபைக்கு எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும், உங்களுக்கு ரெண்டு கிழமைதான் மிச்சம். அவையின்ட 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்து விசாரிக்கலாம். ஆனா என்ட புத்தி என்னெண்டா முதல்ல கடைக்கே போய் ரெண்டு மூக்கையும் போனில படமெடுத்துக் காட்டி, ஒரு பெட்டைய எடுத்துக்கொண்டு வளர்ந்த ஆண் ஒண்டு தாங்கோ எண்டு மரியாதையாக் கேளுங்கோ, அநேகமா மாத்தித் தருவார், அவருக்கும் அது லேசு. இனிமேல் வாங்கினா பில்லில "ஆண் 1, பெண் 1" எண்டு எழுதுவிச்சு எடுங்கோ.

கேள்வி (ஓர்ஸ்ஹில், தனிய இருக்கிற ஒரு தம்பி): அண்ணே, என்னட்ட ஒரு ஆண் இருக்கு, நான் காலமை வேலைக்குப் போனா பின்னேரம்தான் வருவன். கூட்டுக்க போட்ட கண்ணாடிக்கு தீன் ஊட்டுது, நாள் முழுக்க அதோட கதைக்குது. இன்னொண்டு வாங்கினா என்னோட பழகாம விட்டிடுமோ?

பதில்: தம்பி, கண்ணாடிக்குள்ள இருக்கிறவள் ஒருநாளும் திருப்பி ஊட்டமாட்டாள், பாவம் அவன். கண்ணாடிய எடுத்திட்டு ஆள வாங்கு. ஆண் ரெண்டா வைச்சாலும் நல்லாத்தான் இருப்பாங்கள், ஒருத்தனுக்கு ஒருத்தன் ஊட்டுவாங்கள், பாடுவாங்கள், குஞ்சுக் கரைச்சலும் இல்ல. உன்னோட கதைக்கிறது கொஞ்சம் குறையும், அத மறைக்கேல்ல. ஏனெண்டா அவனுக்கு கதைக்க ஆள் கிடைச்சிடும். பெட்டையோட விட்டா ஆண் அவளிண்ட கூப்பிடுற சத்தத்தையே கொஞ்சக் கிழமையில பழகி எடுக்குது எண்டு 2000ஆம் ஆண்டில ஒரு ஆய்வு வந்தது, அவளிண்ட பாஷையில அவளைக் கூப்பிடுறான்.

புதுசை கொண்டுவந்த கையோட ஒரே கூட்டுக்க விடாத, ஒரு மாசம் வேற அறையில வை, வருத்தம் இருந்தா அதுக்குள்ள வெளியில வரும். பிறகு ரெண்டு கூட்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்து விடு. கூடு உயரமா வட்டமா வடிவாத்தான் கிடைக்கும், வாங்காத, குருவி பக்கவாட்டாப் பறக்கிறது, ரெண்டரை அடி நீளம் பார். தீன் சட்டி ரெண்டு போடு. கடையில "ஆபிரிக்கன்" எண்டு கூடின விலைக்கு நிக்கிறதுதான் உண்மையான லவ் பேர்ட்ஸ், எங்கட ஆள் பட்ஜரிகார் அவுஸ்திரேலியாக்காரன், ரெண்டையும் ஒண்டா விட்டா எங்கட ஆளுக்கு கால்விரல் மிஞ்சாது.

சுண்ணாம்புச் சத்துக்கு குருவி கொத்தக் கூட்டுக்க போடுற கணவாய் ஓட்டுக்கும் காசு குடுக்காத. பக்கட்டில போட்டு விக்கிறாங்கள், நிலாவெளிக் கரையில சும்மா ஒதுங்கிக் கிடக்கு. ரெண்டு மூண்டு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவிட்டு உப்புப் போனாப் பிறகு வெயில்ல காயவைச்சுப் போடு.

கேள்வி (அன்புவழிபுரம், ஒரு ஐயா): அஞ்சு வருசமா இருந்த சோடியில பெட்டை செத்திட்டுது. ஆண் கூட்டு மூலையில பேசாம இருக்கு. இணை செத்தா மற்றதும் செத்திடும் எண்டு சொல்லுறாங்கள், உடன ஒண்டு வாங்கோணுமா?

பதில்: ஐயா, அது அன்றிலின்ட கதை, இதுகளுக்கு ஒட்டிச் சொல்லுறாங்கள். துக்கம் இருக்கும், கொஞ்ச நாள் கூப்பிட்டுத் தேடும், பிறகு வேற துணையோட சேரும். ஆனா மூலையில சிறகை உப்பிக்கொண்டு இருக்குதெண்டா அது துக்கமா வருத்தமா எண்டு பாக்கோணும், பெட்டை செத்த காரணம் இவனிலயும் இருக்கலாம். எச்சம் தண்ணியா இருக்கா, தீன் தின்னுதா, வால் மூச்சோட சேர்ந்து ஆடுதா பாருங்கோ, அப்பிடியெண்டா இண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ. இந்தக் கச்சான் காத்துக்கு தகரக் கூரைக்குக் கீழ கூடு தொங்கினா அதையும் மாத்துங்கோ. புதுசு இப்ப வேண்டாம். மூண்டு நாலு கிழமை போய் இவன் சுகமாத் திண்டு சத்தம் போடத் தொடங்கட்டும், கூட்டையும் கொதிதண்ணியில கழுவி வெயில்ல வையுங்கோ, அதுக்குப் பிறகு கடைப்பக்கம் போகலாம்.