காது தெளிவு, கண் மங்கல்: பழி லென்ஸின் மீது வேண்டாம்

கேள்வி: எங்கள் தாத்தா ஸ்டூடியோவில் வைத்திருந்த ஹாஃப் பிளேட் (ஏறத்தாழ நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலப் படம் எடுக்கும்) மரக் கேமராவைத் துடைத்தெடுத்து, 82 வயதான அப்பத்தாவைப் பேரப்பிள்ளைகளோடு படமெடுத்து வருகிறேன். எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துகிறேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கும்போது கண்கள் துல்லியமாக இருக்கின்றன. கழுவிப் பார்த்தால் காதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, நாற்பதாயிரத்துக்கு வேறு லென்ஸ் தருகிறேன் என்கிறார் ஒரு பழைய கேமரா வியாபாரி. வாங்கலாமா ஐயா? (மதுரை வாசகி)

பதில்: வாங்காதீர்கள். படத்தில் காது தெளிவாக விழுந்திருக்கிறது என்பதே உங்கள் லென்ஸ் நன்றாக இருப்பதற்குச் சாட்சி. பூஞ்சை பிடித்த லென்ஸ் படம் முழுவதையும் சற்று வெளிறச் செய்யுமே தவிர, கண்ணை மங்கலாக்கிக் காதை மட்டும் தெளிவாக்கும் வித்தை அதற்குத் தெரியாது. டார்ச் அடித்து ஒரு புள்ளியைக் காட்டி, பூஞ்சை என்று பயமுறுத்தி, நல்ல லென்ஸை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தலையில் கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தாத்தாவின் லென்ஸை எக்காரணம் கொண்டும் அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

லென்ஸைச் சந்தேகிக்க வேண்டிய சூழல் ஒன்றே ஒன்று உண்டு. யாரோ அதைக் கழற்றித் துடைத்துவிட்டு உள்ளிருக்கும் கண்ணாடியொன்றைத் திருப்பிப் போட்டிருந்தால், படத்தில் எந்த இடமுமே தெளிவாக இராது: கண்ணும் இராது, காதும் இராது, பின்னாலிருக்கும் சுவரும் இராது. நடுப்பகுதி ஓரளவு தெளிந்து ஓரங்கள் குழைந்துபோவதும் உண்டு. அப்படியிருந்தால்கூட அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துச் சரியாகப் பொருத்தினால் போதும். புது லென்ஸ் தேவைப்படாது. உங்கள் படம் இந்த வகையைச் சேர்ந்ததன்று.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். முதலாவது, கேமராவின் பின்பக்கம் குவியம் (ஃபோகஸ்) பார்க்கும் தேய்த்த கண்ணாடி திருப்பிப் பொருத்தப்பட்டிருப்பது. சொரசொரப்பான பக்கம், அதாவது பிம்பம் விழும் பக்கம், லென்ஸைப் பார்த்தும், வழவழப்பான பக்கம் உங்களைப் பார்த்தும் இருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைப்பதற்குக் கழற்றியவர்கள் இதை மாற்றிப் போடுவது மிகச் சாதாரணம். 2 மில்லிமீட்டர் கண்ணாடிதானே என்று நினைக்கலாம். ஆனால் 210 மில்லிமீட்டர் லென்ஸை வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது, அந்தச் சிறு பிழை தெளிவை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிடும். கண்ணிலிருந்து காதுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இரண்டாவது, அப்பத்தா அசைவது. நீங்கள் குவியம் பார்த்து, லென்ஸை மூடி, துளையை வேண்டிய அளவுக்கு வைத்து, ஹோல்டரை (பிலிமை வெளிச்சம் படாமல் அடக்கிய சட்டத்தை) செருகி, மறைப்புத் தகட்டை உருவுவதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும். அதற்குள் அவர் பேரனைப் பார்க்க மூன்று விரற்கடை முன்னே சாய்ந்தாலும் கண் தெளிவெல்லையைத் தாண்டிவிடும். ஏனென்றால் லென்ஸை முழுதாகத் திறந்து எடுக்கும்போது முன்னும் பின்னுமாகச் சேர்த்தே நான்கு விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். லென்ஸின் துளையை எஃப் 11 என்ற அளவுக்குச் சுருக்கினால் அது ஏறக்குறைய ஒரு சாணாகும்.

இரண்டில் எது என்பதைக் கண்டறிய ஆள் வேண்டியதில்லை. ஐந்து பாட்டில்களை, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சற்றுச் சாய்ந்த வரிசையில், நான்கு விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, நடுப்பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் குவியம் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். நடுப்பாட்டில் தெளிவாக வந்தால் கேமரா சரி, அசைந்தது அப்பத்தாதான். பின்னாலுள்ள பாட்டில் தெளிவாக வந்தால் கண்ணாடியைத் திருப்பிப் போடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

ஹோல்டர் கண்ணாடித் தகட்டுக்காகச் செய்யப்பட்டதாயிருந்தால், வெறும் பிலிம் அதில் நெளிந்து நிற்கும். பின்னால் பழைய தகட்டின் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பத்து அங்குல எக்ஸ்ரே பிலிமில் இரண்டு ஹாஃப் பிளேட் துண்டுகள் கிடைக்கும். பெரும்பாலான எக்ஸ்ரே பிலிம்களில் இரண்டு பக்கமும் ஒளியை உணரும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். மருத்துவமனைகள் டிஜிட்டலுக்கு மாறியபின் இந்தப் பிலிமுக்கே அலைய வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து முறையான ஷீட் பிலிமை வரவழைத்தாலோ, சுங்கம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, பார்சலைச் சோதிக்கும் எக்ஸ்ரே ஸ்கேனரில் வைக்க வேண்டாம் என்று பெட்டியின் நாலு பக்கமும் எழுதியும் அதைப் படித்துப் பார்க்க ஆளில்லாமல், எனக்கு ஒருமுறை ஒரு பெட்டி முழுவதும் மூட்டமடித்து வந்து சேர்ந்தது. கேட்கப் போன இடத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பதில் இன்றுவரை வரவில்லை. பிலிம் கிடைப்பது இவ்வளவு பாடு என்பதற்காக, காலாவதியான பிலிமைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம் என்று சொல்லி விற்பவரிடமும் ஏமாறாதீர்கள். ஒரு துண்டைக் கழுவிக் காட்டாமல் பெட்டியை வாங்க வேண்டாம்.

அப்பத்தாவை முதுகு சாயும் நாற்காலியில், சன்னலோரமாக உட்கார வையுங்கள். கேமராவின் முன்பலகையில் ஒரு நூலைக் கட்டி, அவர் புருவத்தைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். குவியம் பார்க்கும்போது ஒருமுறையும், ஹோல்டரைச் செருகிய பின் ஒருமுறையும் அந்த முடிச்சு புருவத்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, நூலை ஒதுக்கி உடனே எடுங்கள். பிள்ளைகளை அவர் தோளை ஒட்டி, முகங்கள் எல்லாம் ஒரு சாணுக்குள் அடங்கும்படி நிறுத்துங்கள். சன்னலோர வெளிச்சத்தில் எஃப் 11-இல் ஒரு நொடிவரை ஆகலாம் என்பதால், சின்னவனை அப்பத்தாவின் மடியில் உட்கார வைத்து, அவர் கையாலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.